பாதாள வாயிலில் நின்றவன்



இந்த உரைக்குக் காரணம் ஒரு கட்டுரைத் தாள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தேன். கற்பனைக் கதை ஒன்று எழுதுமாறு கூறியிருந்தேன். பெரும்பாலான மாணவர்கள் வழக்கம்போல் பேசும் மரத்தையும், தொலைந்துபோன பணப்பையையும், நாணயமான சிறுவனையும் பற்றி எழுதினர். ஒருவன் மட்டும் கடலுக்கடியில் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தான். அங்கே அறிவியலாளர் எழுவரைக் கொடியவன் ஒருவன் பணயக்கைதிகளாகப் பிடித்து வைத்திருக்கிறான். அவர்களை மீட்க இரண்டு சாகச நாயகர் குழுக்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. ஒரு குழு ஐந்து வண்ண உடைகளில். மற்றொன்று அல்ட்ராமேனைப் போன்ற பேருருவங்கள். உள்ளே இருப்போருக்கு இருபது நிமிடங்களுக்கான காற்றுத்தான் எஞ்சியிருக்கிறது. வாயிலுக்கு வெளியே இரு குழுக்களும், யார் முதலில் நுழைவது என்று அடித்துக்கொள்கின்றன.

மூன்றாம் பக்கத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். சிவப்பு மையால், “இது தமிழ்க் கதை அன்று. நம் கதைகளைப் படித்துவிட்டு மீண்டும் எழுதுக” என்று குறித்தேன். நான்காம் பக்கம் ஒன்று இருந்தது. அதை நான் திருப்பிப் பார்க்கவேயில்லை.

அன்றிரவே எனக்கு உறுத்தியது என்று சொன்னால் அது பொய். பல ஆண்டுகள் கழித்து, பணி ஓய்வுக்கு அண்மையில், வேறு ஏதோ ஒரு நூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறுத்தியது. அந்த நூலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்தச் சிறுவன் எழுதியது தமிழ்க் கதைதான் என்பதையும், நான் அவனிடம் படிக்கச் சொன்ன ‘நம் கதைகளுள்’ ஒன்றையே அவன் அறியாமல் எழுதியிருந்தான் என்பதையும் அப்போது உணர்ந்தேன். அது மயில்ராவணன் கதை.

மாணவர்களுக்காக முதலில் உங்கள் பக்கத்துக் கதையைத் தொட்டுவிடுகிறேன். சூப்பர் ஹீரோ என்று நீங்கள் அழைக்கும் சாகச நாயகர்கள் கடலுக்குள் இறங்கியது இன்று நேற்றன்று. அமெரிக்கச் சித்திரக்கதைகளில் கடலரசன் நேமோர் 1939ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டான். அக்குவாமேன் 1941இல் வந்தான். தனித்தனியே நின்ற நாயகர்களைக் கூட்டிக் குழுவாக்கும் வழக்கம் பின்னர் வலுப்பெற்றது. ஜஸ்டிஸ் லீக் 1960இலும் அவெஞ்சர்ஸ் 1963இலும் உருவாயின. குழுக்கள் உருவானதும் வாசகர் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் போகுமா? இவ்விரு குழுக்களும் மோதினால் வெல்வது யார்? இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் உடைமை. ஆகையால் அவை முழு அளவில் மோதிய கதை அச்சேற 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரே குழு இரண்டாகப் பிளந்து மோதுவதை 2016இல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தில் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

இத்தகைய கதைகளுக்கு ஒரு மாறா விதி உண்டு. நல்லவர் இருவர் சந்திக்கின்றனர், ஒருவரை ஒருவர் தவறாக எண்ணுகின்றனர், மோதுகின்றனர், வலிமையில் இணை என்று தெரிகிறது, உண்மை வெளிப்படுகிறது, இருவரும் சேர்ந்து தீயவனை வெல்கின்றனர். இந்த விதியைப் படைத்தவர்கள் நியூயார்க்கின் சித்திரக்கதை எழுத்தாளர்கள் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். என் பாட்டி நியூயார்க்கைப் பற்றிக் கேள்விப்பட்டவரும் அல்லர்.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியலுக்கு முன் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறும் வேளையில் பால் எடுத்து, கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். எங்கள் லயத்தில் மின்விளக்கு இரவில் சில மணி நேரமே எரியும். விளக்கு அணைந்தபின் அஞ்சடியில் பாய் விரித்து அவர் கதை சொல்லுவார். எழுத்தறியாதவர். அவருக்குக் கம்பன் பெயர் தெரியாது. இராமர் கதை தெரியும். அவர் சொன்ன இராமர் கதையில் பேராசிரியர் எவரும் ஏற்காத பகுதிகள் பல இருந்தன. அவற்றுள் எங்களுக்கு மிகவும் பிடித்தது இது.

இலங்கைப் போரில் இராவணன் தன் மக்களையும் தம்பியையும் இழந்து தளர்கிறான். பாதாள இலங்கையை ஆளும் மயில்ராவணனை உதவிக்கு அழைக்கிறான். மயில்ராவணன் மாயக்காரன். இராமனையும் இலக்குவனையும் தூக்கிச் சென்று காளிக்குப் பலியிடுவதாக வாக்களிக்கிறான். செய்தியறிந்த விபீடணன் எச்சரிக்கிறான். உடனே அனுமன் தன் வாலை நீட்டி, சுற்றிச் சுற்றி அடுக்கி, படை முழுவதையும் வளைத்துக் கோட்டை கட்டுகிறான். கோட்டைக்கு ஒரே வாயில். அங்கே அவனே காவல். விபீடணன் மட்டும் இடையிடையே சுற்றிப் பார்க்க வெளியே போய் வருகிறான். மயில்ராவணன் அந்த விபீடணன் வடிவிலேயே வந்து, வாயிலில் அனுமனிடம் நலம் விசாரித்துவிட்டு உள்ளே நுழைகிறான். எல்லாரையும் மாயத்தூக்கத்தில் ஆழ்த்துகிறான். அண்ணன் தம்பி இருவரையும் தூக்கிக்கொண்டு கடலின் அடியிலுள்ள தன் நகருக்குப் போய்விடுகிறான்.

சற்று நேரத்தில் உண்மையான விபீடணன் வந்து வாயிலில் நிற்கிறான். “இப்போதுதானே உள்ளே போனாய்?” என்று அனுமன் கேட்கும் இடத்தில் பாட்டி கதையை நிறுத்திவிட்டு வெற்றிலையை மடிப்பார். அந்த இடைவெளியில் எங்களுக்கு மூச்சு நின்றுவிடும். கடத்தல், ஆள்மாறாட்டம், காவலின் பிழை, பணயக்கைதிகள், குறித்த நேரத்தில் பலி என்னும் கெடு என அனைத்தும் அதில் இருந்தன. நான் மாணவனின் தாளில் கண்டு சலித்த உறுப்புகள் எவையோ, அவையே.

அனுமன் தாமரைத் தண்டின் உட்டுளை வழியாகக் கடலடிக்கு இறங்குகிறான். கோட்டை வாயிலில் ஒரு காவலன். உடல் குரங்கு, வால் மீன். பெயர் மச்சவல்லபன். இருவரும் மோதுகின்றனர். இலங்கையை எரித்தவன், மலையைப் பெயர்த்து வந்தவன், இங்கே ஒரு வாயிற்காவலனை வெல்ல இயலாமல் திணறுகிறான். ஒருவர் அடித்தால் மற்றவர் அதே அடியை அதே விசையில் திருப்பித் தருகின்றனர். கடைசியில் அனுமன் களைத்து நின்று கேட்கிறான்: நீ யார் மகன்? காவலன் சொல்கிறான்: நான் அனுமன் மகன்.

இலங்கையை எரித்துவிட்டு வாலைக் கடலில் தோய்த்தபோது சிந்திய வியர்வைத் துளியை ஒரு மீன் விழுங்கிற்று. அந்த மீனின் வயிற்றில் பிறந்தவன் அவன். தனக்கு ஒரு மகன் இருப்பதே அனுமனுக்கு அதுவரை தெரியாது. தந்தையின் பெயரைச் சொல்லித்தான் அந்த மகன் தந்தையோடு போரிட்டுக்கொண்டிருந்தான்.

இனி வருவதே இன்றைய உரையின் நடுப்பகுதி. ஆசிரியர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

உண்மை தெரிந்துவிட்டது. அமெரிக்கச் சித்திரக்கதையாயிருந்தால் இந்த இடத்தில் இருவரும் கைகோத்து உள்ளே பாய்ந்திருப்பர். நம் கதை அப்படிச் செய்யவில்லை. மகன் காலில் விழுந்து வணங்குகிறான். ஆனால் கதவைத் திறக்கவில்லை. மயில்ராவணன் சோறு போட்டு வளர்த்தவன். அவன் உப்பைத் தின்றுவிட்டு அவன் வாயிலைத் திறந்துவிடுவது இயலாது என்கிறான். தந்தை மீது அன்பு உண்டு. தந்தையின் காரியம் அறமானது என்பதும் விளங்குகிறது. ஆயினும் கடமை குறுக்கே நிற்கிறது.

செஞ்சோற்றுக்கடன் என்னும் சொல்லைத் தமிழாசிரியருக்கு விளக்கத் தேவையில்லை. கர்ணனை நாம் அந்தச் சொல்லால்தான் அளக்கிறோம். கம்பனின் கும்பகருணனும் அண்ணன் செய்வது பிழை என்று அறிந்தே அவன் பக்கம் நின்று போரிட்டு மடிகிறான். இவ்விருவருக்கும் கடனைத் தீர்க்கத் தெரிந்த வழி சாவு ஒன்றே. மச்சவல்லபன் வேறொரு வழி காண்கிறான். அவன் கதவைத் திறக்கவில்லை. தந்தையைத் தடுத்துக் கொல்லவும் முற்படவில்லை. உள்ளே செல்வதற்கு வழி எங்கே இருக்கிறது என்பதைக் குறிப்பால் உணர்த்திவிட்டு விலகி நிற்கிறான். இக்கதையின் தாய்லாந்து வடிவத்தில் இந்தக் குறிப்பு இன்னும் நுட்பமானது. வழி கேட்கும் தந்தையிடம் மகன், தாங்கள் வந்த தாமரையையே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறான். அவன் வாயால் வழி சொன்னதாகவும் ஆகாது; சொல்லாததாகவும் ஆகாது.

இது ஏமாற்று வேலையா என்று நீங்கள் கேட்கலாம். என் வகுப்பிலேயே ஒருமுறை ஒரு மாணவி, “அப்படியென்றால் அவன் இரண்டு பக்கமும் நடித்தான் அல்லவா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் அவளோடு உடன்படவில்லை. இரு பக்கத்துக்கும் கடன்பட்ட ஒருவன், ஒரு கடனை அடைக்க மற்றொன்றைக் கிழித்தெறியாமல் இருப்பது நடிப்பாகாது. அந்த இடத்தில் நிற்க நேர்ந்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். சம்பளம் கொடுப்பவன் ஒரு பக்கமும் சொந்த இரத்தம் ஒரு பக்கமும் நிற்க, இடையில் நின்ற மண்டோர்களையும் கிராணிகளையும் எங்கள் தோட்டம் பார்த்திருக்கிறது. அவர்களுள் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் உண்டு. குறிப்புக் காட்டியவர்களும் உண்டு. பாட்டி இந்தப் பகுதியைச் சொல்லும்போது ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் புரிந்தது.

வாயிலைக் கடந்தபின் கதை மற்றொரு திருப்பம் எடுக்கிறது. கோட்டைக்குள் அனுமனை அழைத்துச் செல்பவர் எந்த வீரரும் அல்லர். தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண். மயில்ராவணனின் தங்கை தூரதண்டிகை. அவளுடைய மகன் நீலமேகனையும் மாமன் சிறைப்பிடித்து வைத்திருக்கிறான். இராம இலக்குவரோடு அவனையும் பலியிடப் போகிறான். அந்தப் பலிக்கு வேண்டிய நீரை அவன் தாயே சுமந்து வர வேண்டும். குளக்கரையில் அழுதுகொண்டு நிற்கும் அவளோடு அனுமன் உடன்பாடு செய்துகொள்கிறான். சிறு வடிவெடுத்து அவள் குடத்தில் மறைந்து உள்ளே நுழைகிறான்.

ஆகப் பணயக்கைதிகள் இருவர் அல்லர், மூவர். கதை கேட்பவர் இருவரை நினைவில் வைத்திருப்பர், மூன்றாமவனை மறந்துவிடுவர். நானும் மறந்திருந்தேன். கதையோ மறக்கவில்லை. மீட்பு முடிந்ததும் பாதாள இலங்கைக்கு முடிசூட்டப்படுபவன் அந்த நீலமேகன்தான். வெளியிலிருந்து வந்த வீரர் வாயிலில் மோதிக்கொண்டிருந்த நேரமெல்லாம் உள்ளே ஒரு தாய் குடத்தோடு நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வழி தெரியும். ஆள் வலிமைதான் இல்லை. அனுமனுக்கு வலிமை உண்டு, வழி தெரியாது. மாணவர்களே, இரண்டு குழுக்கள் சேரவேண்டிய உண்மையான இடம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

மயில்ராவணனைக் கொல்வதும் எளிதாக இல்லை. அவன் உயிர் அவன் உடலில் இல்லை; வண்டு வடிவில் வேறோரிடத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. வேறொரு வடிவத்தில் ஐந்து திசைகளில் எரியும் ஐந்து விளக்குகளை ஒரே நேரத்தில் அணைத்தாக வேண்டும். அதற்காகவே அனுமன் ஐந்து முகம் கொண்டான் என்பர். நீங்கள் கோயில்களில் காணும் பஞ்சமுக ஆஞ்சநேயர் உருவத்துக்கு வழங்கும் கதை இதுவே. நரசிங்கம், கருடன், வராகம், அயக்கிரீவம் ஆகியவை மற்ற நான்கு முகங்கள். ஒரே உடலில் ஐவர் கொண்ட குழு என்று என் பேரன் சொன்னான். நான் மறுக்கவில்லை.

ஏன் இத்தகைய கதைகள் கடலடியைத் தேடிச் செல்கின்றன? நிலத்தில் முற்றுகை மாதக்கணக்கில் நீளலாம். நீருக்கடியில் மூச்சே நாழிகை வட்டில். 2018ஆம் ஆண்டு சூன் 23ஆம் நாள் வட தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிறுவர் பன்னிருவரும் அவர்களுடைய பயிற்றுநரும் வெள்ளத்தில் சிக்கியதை நீங்கள் அறிவீர்கள். அவர்களைப் பிடித்து வைத்தவன் எவனும் இல்லை, மழைநீர்தான். சூலை 2ஆம் நாள் அவர்களைக் கண்டவர்கள் பிரித்தானிய முக்குளிப்பாளர் இருவர். சூலை 10க்குள் அனைவரும் வெளியே வந்தனர். குகைக்குள் காற்றுக் கலன்களைச் சுமந்து சென்ற தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் சமான் குனான் உயிர் துறந்தார். பல நாட்டுக் குழுக்கள் அந்த மலையடியில் கூடியிருந்தன. அவை வாயிலில் நின்று, யார் முதலில் நுழைவது என்று அடித்துக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. என் மாணவன் 1990களில் எழுதிய மூன்று பக்கங்களில் இதே அச்சம் இருந்தது. நான் அதைச் சண்டைக் கதை என்று படித்தேன்.

இப்போது, முதலில் குறிப்பிட்ட அந்த நூலுக்கு வருகிறேன். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைப் பேராசிரியராயிருந்த சி. சிங்காரவேலு அவர்கள், தென்கிழக்காசியாவில் இராமர் கதை பரவிய வரலாற்றை ஆராய்ந்தவர். 1985இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவர் தாய்லாந்தின் இராமகியனில் வரும் மையராப் நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அதற்கும் தமிழ் நாட்டார் கதைக்கும் இருக்கக்கூடிய உறவை ஆராய்ந்தார். மையராப், மயில்ராவணன். பெயரொலியிலேயே நெருக்கம் தெரிகிறது. கட்டுரையைப் படித்துக்கொண்டே போகையில், என் பாட்டி அஞ்சடியில் சொன்ன கதை, ஆய்விதழின் பக்கங்களில், அடிக்குறிப்புகளோடு என் முன் வந்து நின்றது. அன்றைக்குத்தான் அந்த மாணவனின் தாள் நினைவுக்கு வந்தது.

தாய்லாந்து வடிவத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது வகுப்பறைக்கு மிகவும் ஏற்ற பயிற்சி. 1797இல் முதலாம் இராமா மன்னர் காலத்தில் உருவான இராமகியனில், அனுமன் வாலால் கோட்டை கட்டுவதில்லை; தன் உடலைப் பெருக்கி, இராமன் உறங்கும் கூடாரத்தையே வாய்க்குள் அடக்கிக் காவல் காக்கிறான். விடியும் வரை காத்தால் போதும் என்பது கணிப்பு. மையராப் மாயக்கோலை வானில் உயர்த்தி விடிவெள்ளியைப் போல் காட்டுகிறான். விடிந்துவிட்டது என்று காவலர் தளர்கின்றனர். அந்த நேரத்தில் மயக்கப்பொடியை ஊதுகிறான். நம் கதையில் ஆள்மாறாட்டம். அவர்கள் கதையில் பொழுதுமாறாட்டம். எது சிறந்தது என்று மாணவர்களை வாதிடச் சொல்லலாம். அங்கே மச்சானுவின் தாய் வெறும் மீனல்லள். இராவணன் மகளான சுவண்ணமச்சா என்னும் கடற்கன்னி. அணை கட்டப் போட்ட கற்களைத் தன் மீன்படையைக் கொண்டு அகற்றியவள் அவள். அதாவது, அந்த மகன் எதிரிகள் இருவரின் பிள்ளை.

மலாய் மொழியின் இக்காயத் செரி இராமாவிலும் இது உண்டு. பாதாள மகாராயன் இராமனைக் கவர்ந்து செல்கிறான். அங்கே காவல் நிற்பவன் அனுமன் துகங்கா என்னும் மகன். இந்த இக்காயத்தின் பழைய கையெழுத்துப் படி ஒன்று 1633ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்துப் பேராயர் லாடின் கைக்குச் சென்று, இன்று ஆக்சுபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

அந்த ஆண்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் முன்னோர் இந்தக் கிரியான் சமவெளிக்குக் கரும்புத் தோட்டங்களில் உழைக்கக் கூட்டமாக வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பின்னர் இரப்பர் வந்தது. 1906இல் முடிவுற்ற நீர்ப்பாசனத் திட்டத்தால் நெல் வயல்கள் விரிந்தன. கப்பலில் வந்தவர் மூட்டையில் துணியும் சட்டியும் கொண்டு வந்தனர்; வாயில் கதை கொண்டு வந்தனர். ஆனால் இராமர் கதை இந்த மண்ணுக்கு அவர்களுக்கு முன்பே வந்து, மலாய் பேசக் கற்று, ஊர்க்காரனாகிவிட்டிருந்தது. தோட்டத்து லயத்தில் என் பாட்டி சொன்ன மீன்வால் மகனும், மலாய்ச் சுவடியில் நின்ற மீன்வழி மகனும் உறவினர். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் அருகருகே வாழ்ந்திருக்கின்றனர். அனுமனும் மச்சவல்லபனும் போல என்று சொல்லலாம்.

சீன மாணவர்களோடு படிப்பவர்கள் நேசாவைக் கேட்டுப் பாருங்கள். கடல் நாகவேந்தனின் மகனோடு மோதும் அந்தச் சிறுவனின் கதையும் நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வந்தது. பாரிட் புந்தாரில் ஒரே தேநீர்க்கடை மேசையில் மூன்று கடலடிக் கதைகளைக் கேட்கலாம்.

இவ்வளவு பரந்த கதையை நம் பள்ளிகள் ஏன் கைவிட்டன? வான்மீகியில் இல்லை, கம்பனில் இல்லை என்பது முதற்காரணம். வங்காளத்தில் 15ஆம் நூற்றாண்டுக் கிருத்திவாசர் தம் இராமாயணத்தில் மகிராவணனைச் சேர்த்துப் பாடினார். அங்கே அது இலக்கியமாயிற்று. தமிழில் அது பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தையில் விற்றது. தெருக்கூத்திலும் தோற்பாவைக் கூத்திலும் ஆடப்பட்டது. தோற்பாவைக் கூத்தில் மச்சவல்லபன் போர் என்பது தனிப் பகுதியாகவே நிகழ்ந்தது. மலிவான தாளில் அச்சானது என்பதாலும், விளக்கு வெளிச்சத்தில் தோலால் ஆடப்பட்டது என்பதாலும் அது பாடநூலுக்குள் வர இயலவில்லை. கம்பனைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என் ஆசிரியர்கள் கல்லறையிலிருந்து எழுந்து வருவர். கம்பனுக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரிக்க இடமுண்டு என்கிறேன்.

இரண்டாவது காரணம் நாங்கள், அதாவது ஆசிரியர்கள். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வந்தது. அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. அவன் பிரித்தானியச் சித்திரக்கதை நாயகன். தமிழில் பேசியதால் ஒரு தலைமுறையே அவனைத் தன்னவன் என்று நம்பியது. அந்த இதழ்களைப் பிள்ளைகளின் பைகளிலிருந்து பறித்தவர்களுள் நானும் ஒருவன். பறித்ததை ஆசிரியர் அறையில் படித்தவர்களுள்ளும் நான் ஒருவன்.

இன்றைய பிள்ளைகளுக்கு நம் நாட்டிலேயே உருவான நாயகர்கள் இருக்கின்றனர். கெலுவாங் மேன் 1998இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2025இல் திரைப்படமாகவும் வந்தான். 2011இல் தொடங்கிய போபோய்போய் குழுவில் கோபால் என்னும் நம் பிள்ளையும் இருக்கிறான். பொருள்களை உணவாக மாற்றுவது அவன் ஆற்றல். எளிதில் அஞ்சி நடுங்குவது அவன் இயல்பு. குழந்தைகள் அவனை நேசிக்கின்றனர், நானும் சிரிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு முள் குத்துகிறது. அஞ்சுகிறவன் பாத்திரம் நமக்கு வந்தது மற்றவர் குற்றம் மட்டுமன்று. வாயிலில் தந்தையையே எதிர்த்து நின்ற ஒரு மீன்வால் சிறுவன் நம்மிடம் இருக்கிறான் என்பதை நாம் யாரிடம் சொன்னோம்? ஓவியம் வரையத் தெரிந்த தமிழ்ப் பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லையே.

இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, இரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் வெறுமையாகி, மக்கள் நகர அடுக்ககங்களுக்குச் சென்றுவிட்டனர். அஞ்சடி இல்லாத வீட்டில் பாய் விரிக்க இடமில்லை. இக்கதையை முழுமையாகச் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். மாணவர்களை அனுப்புங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யச் சொல்லுங்கள். கதையைத் திருத்த வேண்டாம்; கம்பனில் இல்லையே என்று இடைமறிக்க வேண்டாம். சொல்பவர் எந்தத் தோட்டத்தில் வளர்ந்தார், யாரிடம் கேட்டார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவனைப் பற்றிக் கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் பாரிட் புந்தார் தொடர்வண்டி நிலையத்தில் அவனைச் சந்தித்தேன். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பழுதுபார்ப்பவராக இருக்கிறார். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. தேநீருக்கு அழைத்துச் சென்று, அந்தக் கட்டுரையின் முடிவு என்ன என்று கேட்டேன். “முடிவு நினைவில் இல்லை, ஐயா. நீங்கள் எழுதியதுதான் நினைவிருக்கிறது” என்றார். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத் தேநீர் இறங்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவருக்கு மயில்ராவணன் கதையைச் சொன்னேன். என் பாட்டி நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அவர் நீட்டிய இடத்தில் நீட்டிச் சொன்னேன். அவருடைய வண்டி வந்து போய்விட்டது. அடுத்த வண்டிக்குக் காத்திருந்தபோது அவர் கேட்டார்: “அந்த மகன் பிறகு என்ன ஆனான், ஐயா? அப்பாவோடு போய்விட்டானா?”

தாய்லாந்துக் கதையில் அவனுக்குப் பாதாளத்தில் இளவரசுப் பட்டம் கட்டுகிறார்கள் என்றேன். அது நூலில் உள்ளது. என் பாட்டி சொன்னது வேறு. போர் முடிந்ததும் அனுமன் வாயிலுக்கு வந்து மகனை அழைக்கிறான். அவன் சோறு போட்டவனின் உடலுக்கு வாய்க்கரிசி இட்டுவிட்டு வருகிறேன், நீங்கள் முன்னே போங்கள் என்கிறான். அனுமன் கடலுக்கு மேலே வந்து கரையில் அமர்ந்து காத்திருக்கிறான். மகன் வந்தானா என்று நாங்கள் கேட்டால் பாட்டி, “அலை வருது பாரு, அது அவன்தான், பாதி வழி வந்துட்டுத் திரும்பிப் போறான்” என்பார்.